கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு வேறு எழுத்து!

பிழைப்புத் தேடி பம்பாய்க்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும் வந்த தமிழர்களுக்கு, ஊரிலிருந்து வரும் கடிதம்தான் ஒரே ஆறுதலாக இருந்த காலம் உண்டு. கடிதத்தின் உள்ளே எல்லாம் தமிழ். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, தங்கையின் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்பதெல்லாம் தமிழில் இருக்கும். மேலே முகவரி மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பள்ளிக்கூட வாத்தியாரோ, படித்த பக்கத்து வீட்டுக்காரரோ எழுதிக் கொடுத்திருப்பார். வெளியூர்த் தபால்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதே காரணம்.

இண்டர்நெட்டும் இதே மாதிரிதான் வளர்ந்தது. தமிழ்ப் பத்திரிகை, சினிமாச் செய்தி, வரன் விளம்பரம், கோயில் விசேஷம் எல்லாம் இன்று செல்போனில் தமிழிலேயே படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் அந்த இடத்துக்குப் போவதற்குத் தட்ட வேண்டிய பெயர், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. தமிழிலேயே முகவரி வைத்துக் கொள்ளலாம். அது எப்படி வேலை செய்கிறது, அதில் என்ன லாபம், எங்கே ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. பாங்கிக் கணக்கையும் ரயில் டிக்கெட்டையும் கைக்குள்ளேயே பார்க்கும் இந்த நாளில் அதைத் தெரிந்து கொள்வது அவசியம்.

எண்ணும் பெயரும்

இண்டர்நெட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு டெலிபோன் நம்பர் மாதிரி எண்கள் உண்டு. அவை ஒன்றையொன்று எண்ணை வைத்தே கண்டுபிடிக்கின்றன. மனிதர்களால் அத்தனை எண்களை நினைவில் வைத்துக் கொள்ள முடியாது. ஆகவே பெயர் வைத்தார்கள்.

ஆரம்பத்தில் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியலை, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்தது. எலிசபெத் பெயின்லர் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் அதைப் பராமரித்தார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக ஒரே பட்டியல் கட்டுப்படியாகவில்லை.

1983-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பால் மொகபெட்ரிஸ் என்ற விஞ்ஞானி புதிய ஏற்பாடு ஒன்றை வகுத்தார். பெயரைப் புள்ளி வைத்துப் பாகங்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவது என்பது அந்த ஏற்பாடு. இதற்கு "டொமைன்" முறை என்று பெயர். .காம், .இன் என்று முடியும் பெயர்கள் எல்லாம் இந்த முறையில் வந்தவைதான்.

37-க்குள் அடங்கிய உலகம்

இந்தப் பெயர்களில் எந்த எழுத்தை உபயோகிக்கலாம்? ஆங்கில எழுத்து 26, எண்கள் 10, நடுவில் போடும் சிறு கோடு ஒன்று. ஆக மொத்தம் 37. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசம் கிடையாது. புள்ளிக்குப் புள்ளி ஒரு பாகத்தில் 63 எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

இப்படி விதி செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 1963-ல் வகுக்கப்பட்ட "ஆஸ்கி" என்ற எழுத்து அட்டவணைதான் அன்றைய கம்ப்யூட்டர்களுக்குத் தெரியும். அதில் இருந்ததே 128 இடங்கள். தமிழுக்கோ, அரபிக்கோ, சீன மொழிக்கோ அதில் இடம் இல்லை.

ஐரோப்பியர்களே இதில் சிரமப்பட்டார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஜெர்மன் மொழியில் சில உயிரெழுத்துக்களின் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள். புள்ளி இல்லாமல் "ஷோன்" என்றால் "ஏற்கெனவே" என்று பொருள். அதே சொல்லில் புள்ளி வைத்தால் "அழகு" என்று பொருள். புள்ளிக்கு இடம் இல்லாததால், கூடுதலாக ஒரு "ஈ" எழுத்தைச் சேர்த்து எழுதிச் சமாளித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு எழுத்தின் மேல் போடும் சாய்ந்த கோடு விட்டுப் போயிற்று.

தமிழுக்கு வந்த கஷ்டம் இதைவிடப் பெரியது. மனம் என்றாலும் மணம் என்றாலும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கள். பல்லியும் பள்ளியும் ஒன்றாகி விடும். வலி, வளி, வழி என்ற மூன்றில் "ழ"வை ஒருவர் "எல்" போட்டு எழுதுவார். இன்னொருவர் "இசட், எச்" போட்டு எழுதுவார். பழனி என்ற பெயரையே இரண்டு விதமாக எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் ஒரு எழுத்தை மாற்றித் தட்டினால் வேறு யாருடைய வாசலிலோ போய் நிற்பார்.

சிங்கப்பூரில் பிறந்த முயற்சி

எல்லா மொழி எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் "யூனிகோட்" அட்டவணையின் முதல் பதிப்பு 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. உதாரணமாக "இ" என்ற எழுத்தின் எண் 2951. அதன் பிறகுதான், பெயர்களிலும் பிற மொழி எழுத்துக்களைக் கொண்டு வரலாமே என்ற யோசனை வலுத்தது.

1996-ல் மார்ட்டின் டூர்ஸ்ட் என்ற நிபுணர் இதற்கு ஒரு திட்டம் எழுதினார். 1998-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தில் தான் டின் வீ என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் செய்து பார்த்தார்கள். நான்கு மொழிகள் ஆட்சி மொழியாக உள்ள சிங்கப்பூரில் இந்தத் தேவை முதலில் உணரப்பட்டதில் வியப்பில்லை.

2003 மார்ச்சில் உலகம் முழுவதற்கும் பொதுவான விதி வெளியிடப்பட்டது. ஜெர்மனி 2004 மார்ச் 1-ந் தேதி முதல் தன் நாட்டு முகவரிகளில் 92 கூடுதல் எழுத்துக்களை அனுமதித்தது. பிரான்ஸ் 2012 மே மாதத்தில் அனுமதித்தது.

யந்திரம் செய்யும் மாற்றம்

இதில் வேடிக்கை என்னவென்றால், அடித்தளத்தில் இருக்கும் முறையை யாரும் மாற்றவில்லை. பெயர்களைத் தேடித் தரும் கம்ப்யூட்டர்கள் உலகம் பூராவும் பரவிக் கிடக்கின்றன. அத்தனையையும் ஒரே நாளில் மாற்றினால் எல்லாம் நின்று போகும். ஆகவே அவற்றுக்குப் பழைய 37 எழுத்துக்களையே கொடுப்பது என்றும், மனிதர் கண்ணுக்கு மட்டும் சொந்த எழுத்தைக் காட்டுவது என்றும் முடிவு செய்தார்கள். உறை மீது ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த வாத்தியாரின் வேலையை இப்போது செல்போனில் உள்ள பிரவுசர் செய்கிறது.

தமிழில் "இந்தியா" என்று தட்டினால், பிரவுசர் அதை எக்ஸ், என், இரண்டு சிறு கோடு, அதன்பின் எக்ஸ், கே, சி, 2, டி, எல், 3, ஏ, 5, ஈ, ஈ, 0, எச் என்று மாற்றி அனுப்புகிறது. இதற்கு "பியூனிகோட்" என்று பெயர். இது மொழிபெயர்ப்பு அல்ல. எந்த எண்ணுள்ள எழுத்து எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கணக்குப் போட்டுச் சுருக்கிய குறிப்பு. திரும்பவும் அதே கணக்கைப் போட்டால் "இந்தியா" வந்துவிடும்.

கண்ணுக்கு "இந்தியா" நான்கு எழுத்து. யூனிகோட் கணக்கில் புள்ளியும் கொக்கியும் காலும் தனித்தனி என்பதால் ஏழு. மாற்றிய பிறகு 17. ஒரு பாகத்துக்கு 63 என்ற வரம்பு இந்த மாற்றிய எழுத்துக்குத்தான். ஆகவே தமிழில் நீளமான பெயர் வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முன்னால் வரும் "எக்ஸ், என்" எப்படி வந்தது என்பதும் சுவையான சங்கதி. முன்கூட்டியே அது வெளியே தெரிந்தால், அந்த எழுத்துக்களில் தொடங்கும் பெயர்களை யாராவது வளைத்துப் போட்டு வியாபாரம் செய்வார்கள் என்ற பயம் இருந்தது. ஆகவே 2003 பிப்ரவரியில், பங்கு மார்க்கெட்டில் சில கம்பெனிகளின் பங்குகள் கைமாறிய எண்ணிக்கையை வைத்துக் குலுக்கல் முறையில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தமிழுக்கு மூன்று வாசல்

2003-ல் வந்த விதியால் பெயரின் முன்பாகத்தில்தான் சொந்த எழுத்து வந்தது. கடைசியில் .காம், .இன் என்று ஆங்கிலம் நின்றது. வால் பகுதியும் சொந்த மொழியில் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்டன. இண்டர்நெட் பெயர்களை நிர்வகிக்கும் "ஐகான்" என்ற அமைப்பு 2009 அக்டோபர் 30-ந் தேதி, தென் கொரியத் தலைநகர் சியோலில் கூடி இதற்குச் சம்மதித்தது. 2010 மே மாதம் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு எமிரேட்டுகள் ஆகிய நாடுகள் அரபி எழுத்தில் முதல் வால் பெற்றன. ரஷ்யாவும் அதே மாதத்தில் சேர்ந்து கொண்டது.

தமிழுக்கு 2010, 2011 ஆண்டுகளில் ஒன்றல்ல, மூன்று வாசல் திறந்தன. .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்பவை அவை. மூன்று நாடுகளின் பெயரோடு ஒரு மொழிக்கு இப்படி இடம் கிடைத்தது பெருமைக்குரிய விஷயமே.

இந்தியாவில் 2011-ல் முதல் தவணையாக இந்தி, வங்காளி, குஜராத்தி, பஞ்சாபி, தமிழ், தெலுங்கு, உருது ஆகிய ஏழுக்கும் அனுமதி கிடைத்தது. தேவநாகரி எழுத்தில் "பாரத்" என்று முடியும் முகவரி 2014 ஆகஸ்டு 27-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. இன்று அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர் பதிவு செய்து கொள்ளலாம். .இன் முகவரிகளை நிர்வகிக்கும் "நிக்சி" நிறுவனமே இதையும் கவனிக்கிறது.

இதனால் யாருக்கு லாபம்? 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 6 கோடியே 90 லட்சம் பேர். கர்நாடகத்தில் மட்டும் சுமார் 21 லட்சம் பேர். இவர்களில் எத்தனையோ பேர் தமிழ் படிப்பார்கள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவர்களுக்குக் கடையின் பெயரோ சங்கத்தின் பெயரோ தமிழில் இருந்தால், கேட்டு வாங்காமல் தாமே தட்டிப் போகலாம்.

ஸ்ரீயில் ஒரு சிக்கல்

சொந்த எழுத்து வரும்போது சொந்தச் சிக்கலும் வரும். "கொ" என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக அமைக்கலாம். "கொ"வுக்குரிய குறியை ஒரேயடியாகப் போடலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. இதை விதியிலேயே கவனித்து, இரண்டையும் ஒன்றாக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே இதில் கவலை இல்லை.

"ஸ்ரீ" அப்படி அல்ல. தமிழ்நாட்டுக் கடைகளில் எத்தனையோ கடைகளுக்கு முதல் எழுத்தே "ஸ்ரீ"தான். அதை "ஸ"வை வைத்தும் அமைக்கலாம். 2005-ல் யூனிகோட்டில் சேர்க்கப்பட்ட "ஶ" என்ற கிரந்த எழுத்தை வைத்தும் அமைக்கலாம். திரையில் பெரும்பாலும் ஒரே உருவம்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கோ இவை இரண்டு வேறு பெயர்கள்!

தமிழ் எண்களும் இப்படித்தான். ஒன்றைக் குறிக்கும் ௧ "க" போல இருக்கிறது. இரண்டைக் குறிக்கும் ௨ "உ" போல இருக்கிறது. ஏழைக் குறிக்கும் ௭ "எ" போலவும், எட்டைக் குறிக்கும் ௮ "அ" போலவும் இருக்கின்றன. "ஔ" என்பதை ஒ, ள என்று இரண்டாகவும் எழுதிவிடலாம். பெயரின் கடைசிப் பாகத்தில் எந்த மொழி எண்ணும் வரக் கூடாது என்று உலக விதி தடுக்கிறது. மற்றப் பாகங்களில் என்ன அனுமதி, என்ன தடை என்பதை அந்தந்தப் பதிவு நிலையம் வகுக்க வேண்டும்.

மோசக்காரர்களின் கைவரிசை

ஒரே மாதிரி தெரியும் எழுத்துக்களை வைத்து ஏமாற்ற முடியும் என்பது புதிய செய்தி அல்ல. ரஷ்ய எழுத்தில் வரும் "அ"வும் ஆங்கில "ஏ"யும் அச்சில் ஒன்றுதான். 2002-லேயே இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த ஆபத்தை விளக்கி எழுதினார்கள். 2017 ஏப்ரலில் ஒருவர், "ஆப்பிள்" கம்பெனியின் முகவரியை முழுக்க ரஷ்ய வகை எழுத்துக்களால் அமைத்துக் காட்டினார். எச்சரிக்கை செய்வதற்காகவே அவர் அப்படிச் செய்தார். பார்த்தவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் பிறகு "குரோம்" பிரவுசரில் அதைத் தடுக்க மாறுதல் செய்யப்பட்டது.

இப்போது பிரவுசர்கள் சந்தேகத்துக்கு இடமான பெயரைக் கண்டால் சொந்த எழுத்தைக் காட்டுவதில்லை. "எக்ஸ், என்" என்று தொடங்கும் நீண்ட பெயரை அப்படியே காட்டி விடுகின்றன. ஆங்கிலப் பெயர் கொண்ட ஒரு பாங்கியின் பக்கம் என்று யாரோ அனுப்பிய சுட்டியைத் தொட்டு, மேலே முகவரியில் "எக்ஸ், என், இரண்டு கோடு" தெரிந்தால் உடனே மூடிவிட வேண்டும். தமிழ் முகவரியை நாடிப் போகும்போதும் சில இடங்களில் அந்த வடிவம் தெரியக் கூடும், அதில் தவறில்லை. எந்த முகவரிக்காகப் போகிறோம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முகவரியைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முன்னால் பாங்கியின் பெயர் இருக்கிறதே என்று நம்பக் கூடாது. முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் பார்த்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படித்து வர வேண்டும். உண்மையான சொந்தக்காரர் யார் என்பதைச் சொல்வது பெயரின் கடைசிப் பாகங்களே. முன்பாகத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பாங்கியின் பெயரையும் ஒட்டிக் கொள்ளலாம்.

இதை மனத்தில் வைத்துத்தான் ரிசர்வ் பாங்கி 2025-ல் ஓர் ஏற்பாடு செய்தது. பாங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-ந் தேதிக்குள், ".பேங்க்.இன்" என்று ஆங்கிலத்தில் முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த வால் பாங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படும். பாங்கியின் பக்கம் என்று சொல்லிக் கொள்ளும் முகவரி எப்படி முடிகிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது. பணம் பறிபோய் விட்டால் சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். இந்தியாவில் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இதே எண்தான்.

"தவறான முகவரி"

பிரவுசர் தமிழ் முகவரியை ஏற்றுக் கொள்கிறது. ஆனால் வேலைக்கு மனுப் போடும் படிவமும், டிக்கெட் வாங்கும் படிவமும் ஏற்றுக் கொள்ளுமா என்பது வேறு விஷயம். ஆங்கில எழுத்து மட்டுமே வரும் என்று நினைத்து எழுதப்பட்ட பழைய புரோகிராம்கள் இன்னும் ஓடுகின்றன. தமிழ் எழுத்தைக் கண்டதும் அவை "தவறான முகவரி" என்று திருப்பி அனுப்பி விடுகின்றன. தவறு மனுதாரருடையது அல்ல.

மின்னஞ்சலில் இந்தக் கஷ்டம் அதிகம். அதில் ஆளின் பெயர் வரும் முன்பாகத்தை "பியூனிகோட்" ஆக மாற்றும் வழி கிடையாது. அனுப்புகிறவருடைய மெயில் கம்பெனியும், வாங்குகிறவருடைய மெயில் கம்பெனியும் புதிய முறைக்கு மாறியிருக்க வேண்டும். அதற்கான விதி 2012-ல் வந்தது. "ஜிமெயில்" 2014-ல் இப்படிப்பட்ட முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பவும் வாங்கவும் வசதி செய்தது. 2017-ல் ராஜஸ்தான் அரசு இந்தி எழுத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்லா எழுத்துக்களையும் எல்லா இடத்திலும் ஏற்க வேண்டும் என்பதை வலியுறுத்தும் முதல் உலக தினத்தின் முக்கிய விழா, 2023 மார்ச் 28-ந் தேதி புது டில்லியில் நடந்தது. விழா நடந்தது, படிவங்கள் முழுவதும் மாறவில்லை.

பெயர் வைக்கும் முன்

வெளி மாநிலத்தில் தமிழ்ச் சங்கம், சிறு கடை, சாப்பாட்டு விடுதி நடத்துகிறவர்கள் தமிழில் முகவரி வாங்க நினைத்தால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பெயர் சுருக்கமாக இருக்கட்டும். ஸ்ரீ, ஔ போன்ற இரட்டை வடிவ எழுத்துக்களையும் தமிழ் எண்களையும் தவிர்க்கலாம். ஆங்கில முகவரியை விட்டுவிட வேண்டாம். இரண்டையும் வைத்துக் கொண்டு, எதைத் தட்டினாலும் ஒரே பக்கம் வரும்படி செய்யலாம். அடுத்த தெருவில் உள்ள கன்னடக்காரரோ மராட்டியரோ கடையைத் தேடும்போது ஆங்கில முகவரி உதவும். வருடா வருடம் கட்ட வேண்டிய பணத்தை மறந்தால் பெயர் கைவிட்டுப் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழில் முகவரி என்பது வெறும் ஆசைக்கும் அழகுக்கும் மட்டும் உரியது அல்ல. ஆங்கில முகவரியில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு ஏமாற்றினால், ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர் அதைக் கவனிக்க மாட்டார். "பள்ளி" என்று இருக்க வேண்டிய இடத்தில் "பல்லி" என்று இருந்தால் நாலாவது வகுப்பு படித்தவர் கூடக் கண்டுபிடித்து விடுவார். பிழை கண்ணில் பட வேண்டுமானால், எழுத்து கண்ணுக்குப் பழகியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிறரைக் கேட்காமல், தன் பணத்துக்குத் தானே காவல் இருக்க முடியும்.